தம்பதிகளும் மலை நடையும்

நமது நாட்டில் இப்போது விளையாட்டுக்குக் குறைவே இல்லை. கிரிக்கெட் ஆட்டம் நடக்கும் நாட்களில் வீட்டுக்கு வீடு குடும்பத் தலைவர் டெலிவிஷன் பெட்டிக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஆறு மணி நேரம் கடுமையாக விளையாடுகிறார். நடுநடுவே காப்பி கொண்டுவந்து கொடுக்கும் பாக்கியம் குடும்பத் தலைவிக்குக் கிடைக்கிறது. அன்றைய தினம் அந்த வீட்டில் தேகத்தை அசைத்தவர் அந்த அம்மாள் ஒருவரே என்பதை யாரும் கவனிப்பதில்லை.

கணவனும் மனைவியும் சேர்ந்து, வீட்டுக்கு வெளியே, அதிகச் செலவில்லாமல் பழகக்கூடிய விளையாட்டு ஏதாவது உண்டா என்று நேயர்கள் கேட்கலாம். உண்டு. அதற்கு மட்டையும் வேண்டாம், பந்தும் வேண்டாம். மலை நடை என்பது அதன் பெயர். நாகரிகமாகச் சொல்ல விரும்புகிறவர்கள் 'ட்ரெக்கிங்' என்று சொல்லிக்கொள்ளலாம். அதை ஆரம்பிப்பதற்குத் தகுந்த ஊர் மதுரை.

"மதுரை கோயில் ஊர் அல்லவா? மலைக்குப் போவதென்றால் கொடைக்கானலுக்கு அல்லவா போகவேண்டும்?" என்று சிலர் ஆட்சேபிக்கக் கூடும். இரண்டு நாள் மதுரைக்குப் போய்வரும் தம்பதிகளின் நிகழ்ச்சி நிரல் எல்லாரும் அறிந்ததுதான். மீனாட்சி அம்மன் தரிசனம், திருமலை நாயக்கர் மகால், மாசி வீதிகளில் ஒரு சுற்று, இரவில் சுடச்சுட இட்லி, அதற்கு மேல் ஒரு ஜிகர்தண்டா. இவற்றில் ஒன்றையும் விட்டுவிடும்படி நாம் சொல்லமாட்டோம். ஆனால், இரண்டாம் நாள் அதிகாலைப் பொழுதை மட்டும் ஊருக்கு வெளியே செலவழித்துப் பார்க்கலாம்.

வயலும் தோப்பும் கண்மாயுமாகப் பரந்து கிடக்கும் மதுரைச் சமவெளியில் பாறைக் குன்றுகள் தனித்தனியே எழுந்து நிற்கின்றன. வடகிழக்கே யானைமலை; மேற்கே நாகமலையும் சமணர் மலையும்; தென்மேற்கே திருப்பரங்குன்றம்; வடக்கே அழகர் மலை. இமயமலையில் ஏறுவதற்கு டென்சிங்கைப் போன்ற வீரர்கள் வேண்டும். 1953-ம் வருஷத்தில் அவர் எவரெஸ்ட் சிகரத்தில் நின்றபோது தேசமே தலை நிமிர்ந்தது. மறு வருஷமே டார்ஜிலிங்கில் மலையேற்றம் கற்பிக்கும் கலாசாலை ஒன்றும் ஸ்தாபிதமாயிற்று. ஆனால், முழங்கால் வலியையும் மூக்குக் கண்ணாடியையும் கூடவே அழைத்துச் செல்ல வேண்டியவர்களுக்கு மதுரைக் குன்றுகளே பொருத்தமானவை.

முதல் நடைக்குச் சமணர் மலை நல்லது. நகரத்துக்கு மேற்கே கீழக்குயில்குடி கிராமத்தை ஒட்டி அது இருக்கிறது. அடிவாரத்தில் ஆலமரங்கள், தாமரைக் குளம், அய்யனார் கோயில். மலையின் ஒரு பக்கத்தில் செட்டிப்புடவு என்னும் குகை. அங்கே பெரிய உருவமாக ஒரு தீர்த்தங்கரர் சாந்தமே வடிவாக அமர்ந்திருக்கிறார். அய்யனார் கோயில் பக்கமாகப் படிகளில் ஏறிப் போனால், பேச்சிப்பள்ளம் என்னுமிடத்தில் ஒரே வரிசையாகச் சமணச் சிற்பங்களைக் காணலாம். அவற்றின் கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுக்கள். ஆயிரம் வருஷத்துக்கும் மேற்பட்ட பழமை வாய்ந்தவை.

அந்தச் சிற்பங்களில் ஒன்றைச் செய்வித்தவர் குணமதியார் என்னும் ஒரு பெண்மணி. தமிழ்நாட்டு மலைகள் பலவற்றில் திருமேனிகள் செய்வித்த அச்சணந்தி என்ற சமண முனிவரின் தாயார் அவர். மகனுடைய புகழோடு நின்றுவிடாமல், தாயாரின் பெயரும் கல்லில் ஏறியிருக்கிறது. வீட்டுப் பத்திரத்தில் மனைவியின் பெயரைச் சேர்க்கலாமா என்று பத்து வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கும் கணவன்மார்கள் இந்தப் பாறைக்கு எதிரே சற்று நேரம் உட்கார்ந்து இளைப்பாறுவது நலம்.

இந்த விளையாட்டின் விதிகள் மிகச் சில. கடைவீதியில் கணவன் பத்தடி முன்னால் விரைந்து போவதும், மனைவி பையைச் சுமந்துகொண்டு பின்னால் ஓடிவருவதும் நமது பழக்கம். மலையில் அது செல்லாது. இருபதாவது படியில் கணவருக்கு மூச்சு வாங்குகிறது. அடுப்பங்கரையில் நாளெல்லாம் நின்று பழகிய மனைவி நிதானமாக மேலே போய்விடுகிறார். ஆகையால், இருவரில் மெதுவாக நடக்கிறவரின் வேகமே இருவருக்கும் வேகம் என்பது முதல் விதி. இந்த விதியைக் குன்றிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தாலும் தவறில்லை.

மற்றவை தேக சௌகரியத்தைப் பற்றியவை. கார்த்திகை மழை ஓய்ந்த பிறகு மாசி மாதம் வரையில் நல்ல பருவம். சித்திரை வைகாசியில் அந்தப் பாறை தோசைக்கல்லாகக் காயும். மழை பெய்து ஈரமாயிருக்கும் நாளிலோ கால் வழுக்கும். சூரியோதயத்தில் தொடங்கி ஒன்பது மணிக்குள் இறங்கிவிட வேண்டும். வழுக்காத அடியுள்ள காலணி, தலைக்குத் துணி, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் அவசியம். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே தினம் அரைமணி நேரம் வீதியில் நடந்து பழகிக்கொள்ள வேண்டும். இருதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேளாமல் கிளம்பலாகாது. கொண்டுபோன காகிதத்தையும் பிளாஸ்டிக்கையும் திரும்பக் கொண்டுவர வேண்டும். முக்கியமாக, பாறையில் தங்கள் பெயர்களைக் கிறுக்கி வைக்கக் கூடாது. குணமதியாரின் பெயருக்குப் பக்கத்தில் நிற்கும் யோக்கியதை நமது பெயருக்கு வரச் சில காரியங்கள் பாக்கியிருக்கின்றன.

தனியே போகத் தயங்குகிறவர்களுக்கும் மதுரை ஒரு வழி காட்டியிருக்கிறது. யானைமலையைக் குடைந்து சிற்ப நகரமாக்கும் யோசனை ஒன்று எழுந்து, சுற்றுப்புறத்துக் கிராமத்தார் அதை எதிர்த்து நின்றார்கள். கி.பி. 770-ம் வருஷத்துப் பாண்டியர் கல்வெட்டையும் நரசிங்கப் பெருமாள் குகைக் கோயிலையும் கொண்ட மலை அது. அச்சமயத்தில் எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் முதலானோர் 2010-ல் 'பசுமை நடை' என்ற பெயரால் ஜனங்களை அந்த மலைகளுக்கு அழைத்துச் செல்லத் தொடங்கினார்கள். கணவன், மனைவி, குழந்தை, பாட்டி என்று குடும்பம் குடும்பமாக வந்தார்கள். கல்வெட்டு அறிந்த பெரியவர்கள் பாறைக்கு எதிரிலேயே அதைப் படித்து விளக்கினார்கள்.

நடப்பதனால் உடம்புக்கு நல்லது, சரி. மலைக்கு அதனால் என்ன பயன் என்று கேட்கலாம். மேலூர் வட்டாரத்தில் பல குன்றுகள் கிரானைட் கல்லாக அறுபட்டு லாரி ஏறிய கதையை, 2012-ல் மதுரைக் கலெக்டராயிருந்த சகாயம் சமர்ப்பித்த அறிக்கை நாட்டுக்குத் தெரிவித்தது. அறுபட்ட குன்று எந்த மழைக்கும் திரும்ப முளைப்பதில்லை.

அதே வட்டாரத்தில்தான் அரிட்டாபட்டி இருக்கிறது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முற்பட்ட தமிழிக் கல்வெட்டும், பாண்டியர் குடைந்த சிவன் கோயிலும், அபூர்வமான வல்லூறுகள் கூடு கட்டும் பாறைகளும், குன்றிலிருந்து மழைநீர் இறங்கி நிறையும் நீர்நிலைகளும் அவ்வூரின் செல்வம். 2022-ம் வருஷம் நவம்பரில் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193 ஹெக்டேர் நிலத்தைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசாங்கத்தார் அறிவித்தார்கள். சரியாக இரண்டு வருஷம் கழித்து, 2024 நவம்பரில், அதன் ஒரு பகுதியும் அடங்கிய சுமார் 2,000 ஹெக்டேரில் டங்ஸ்டன் தோண்டும் உரிமை ஏலத்தில் போயிற்று என்ற செய்தி வந்தது!

கிராமத்தார் சும்மா இருக்கவில்லை. டிசம்பரில் சட்டசபை அந்த ஏலத்தை எதிர்த்துத் தீர்மானம் செய்தது. 2025 ஜனவரி 7-ம் தேதி, மேலூர்ப் பக்கத்து ஜனங்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு மதுரையை நோக்கி நடந்து வந்தார்கள். பெண்களும் வயோதிகர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள் மத்திய சர்க்கார் ஏலத்தை ரத்து செய்தார்கள். 1930-ல் மகாத்மா காந்தி தண்டிக்கும், ராஜாஜி வேதாரண்யத்துக்கும் நடந்த தேசம் இது. நடையின் சக்தி இன்னும் குறைந்துவிடவில்லை.

அரிட்டாபட்டியார் அப்படி நடந்ததற்குக் காரணம், அந்தக் குன்று அவர்களுக்குப் படத்தில் பார்த்த குன்று அல்ல. ஆடு மேய்த்த குன்று, சாமி கும்பிட்ட குன்று, வயலுக்குத் தண்ணீர் தந்த குன்று. பட்டணத்தில் வசிக்கும் நமக்கு அந்த உரிமை பிறவியில் கிடைக்கவில்லை. நடந்துதான் சம்பாதித்துக்கொள்ள வேண்டும். கால் பதித்த மலையைக் கைவிட யாருக்கும் மனம் வராது. அடுத்த முறை ஒரு மலைக்கு ஆபத்து என்று பத்திரிகையில் படிக்கும்போது, "இது நாம் ஏறிய மலை அல்லவா?" என்று கேட்கக்கூடிய தம்பதிகள் தமிழ்நாட்டில் சில ஆயிரம் பேராவது இருக்கவேண்டும்.

தை மாதத்து விடுமுறைக்கு மதுரை போக எண்ணியிருப்பவர்கள், பட்டுப் புடவையும் அங்கவஸ்திரமும் வைத்த பெட்டியில் இரண்டு ஜோடி நல்ல காலணிகளுக்கும் இடம் விட்டு வைப்பார்களாக! கிரிக்கெட் ஆட்டத்தின் முடிவைச் சாயங்காலம் யாரேனும் சொல்லிவிடுவார்கள்.