சுரைக்கொடி படர எத்தனை சென்ட் வேண்டும்?

புரட்டாசி வந்துவிட்டது. ஆடியில் ஊன்றிய விதைகள் சேரி வீடுகளின் கொல்லையில் காய்த்துக் கிடக்கின்றன. வெண்டையும் கொத்தவரையும் ஆவணிக் கடைசியிலேயே கறிக்கு வந்துவிட்டன. பீர்க்கும் பாகலும் வேலியில் தொங்குகின்றன. அவரை இன்னும் பூவெடுக்கவில்லை, அது பனி இறங்கினால்தான் காய்க்கும். இந்த மாதம் சுரைக்காயின் மாதம். செங்கல்பட்டுப் பக்கம் பிஞ்சுச் சுரைக்காயில் சென்னாகூனி போட்டுச் செய்வார்கள். ஊர்த்தெரு விரதத்தில் இருக்கும்போது காலனியிலிருந்து கருவாட்டு வாசம் வருகிறதே என்று முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும். நம் காய், நம் கருவாடு, நம் அடுப்பு.

தோழர்களே, இதை மகிழ்ச்சியோடுதான் எழுதுகிறோம். நம்மைப் பற்றி எழுதுகிறவர்கள் வன்கொடுமையையும் வழக்கையும் மட்டுமே எழுதுகிறார்கள். நம் அம்மாக்களும் அத்தைகளும் காலையில் காயைப் பறித்து மடியில் கட்டிக்கொண்டு வந்து, பக்கத்து வீட்டுக்கு நான்கு கொடுத்துவிட்டு மிச்சத்தைக் குழம்பில் போடுகிற வாழ்க்கையும் நம்முடையதுதான். பாத்திரம் கழுவிய தண்ணீரிலும் அடுப்புச் சாம்பலிலும் வளர்ந்த காய் அது. அதற்கு இயற்கை விவசாயம் என்று பெயர் வைத்து நகரத்தில் வகுப்பு எடுக்கிறார்கள் என்று சொன்னால் அவர்கள் சிரிப்பார்கள்.

சேரித் தோட்டத்தில் என்ன இருக்கிறது என்று கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் கொடிகள். கீழே இடமில்லாததால் எல்லாம் மேலே ஏறியவை. சுரையும் பூசணியும் கூரையில், அவரை வேலியில், பாகல் முருங்கை மரத்தில். குடியிருந்த மனையே மிராசுதாருக்குச் சொந்தமாக இருந்த காலத்தில், கூலி கூட்டிக் கேட்டால் வீட்டைக் காலி செய்யச் சொல்ல முடியும். அப்படிச் சொன்னால் தென்னம்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. சுரை விதையை முந்தானையில் முடிந்துகொண்டு போகலாம். நம் பாட்டிகள் எதை நட்டார்கள் என்பதில் இந்தக் கணக்கும் இருந்திருக்கும் என்றே நாங்கள் நினைக்கிறோம்.

இந்த மாதத்தில் நமக்கு இன்னும் இரண்டு தேதிகள் உண்டு. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலைமை பற்றி எழுதிய அறிக்கை, அடுத்த ஆண்டு செப்டம்பர் 30இல் அரசாணையானது. அப்படித்தான் பஞ்சமி நிலம் வந்தது. பத்து ஆண்டுகளுக்கு யாருக்கும் விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. நிபந்தனை தாளில் இருக்கிறது, நிலம் பிறர் கையில் இருக்கிறது. காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தைக் கேட்டு நடந்த போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று காவல்துறை சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள்.

கொல்லைத் தோட்டத்தைப் பேசும்போது துப்பாக்கிச் சூடு எதற்கு என்று கேட்கலாம். இரண்டும் ஒரே மண்ணைப் பற்றியதுதான். இன்று நமக்குக் கிடைக்கிற வீட்டுமனைப் பட்டா கிராமத்தில் 3 சென்ட். 1,306 சதுர அடி. அதில் வீடு, கழிவறை, படிக்கட்டு. அண்ணன் தம்பி இருவர் என்றால் அதையும் பாதியாகப் பிரிக்க வேண்டும். பட்டா கையில் இருந்தும் இடத்தை அளந்து காட்டாத ஊர்கள் எத்தனையோ. கூவம், அடையாறு கரைகளிலிருந்து பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு அந்த மண்ணும் இல்லை, அடுக்குமாடிதான். அரசு மானியத்தில் மாடித்தோட்டத்துக்குப் பை, தென்னை நார்க்கழிவு, விதை எல்லாம் தருகிறது. நல்ல திட்டம்தான், வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். ஆனால் மாடி இருப்பவருக்குத்தான் மாடித்தோட்டம். நம் கோரிக்கை பை அல்ல, மண். வீட்டுமனை கொடுக்கும்போது கொல்லைக்கும் சேர்த்து அளந்து கொடுக்க வேண்டும். பஞ்சமி நிலத்தை மீட்டால் அதற்கு இடம் எங்கே என்ற கேள்வியே பல ஊர்களில் எழாது.

காலாண்டு விடுமுறைக்கு ஊருக்குப் போகிற மாணவத் தோழர்கள் ஒரு வேலை செய்யலாம். உங்கள் காலனியில் எத்தனை வீட்டுக்குக் கொல்லை இருக்கிறது, எத்தனை பேரிடம் பட்டா இருக்கிறது, எத்தனை பேருக்கு அளந்து காட்டினார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பிறகு கிராமத்தின் 'அ' பதிவேட்டைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். இப்போதைய பதிவேடு மட்டும் போதாது. யு.டி.ஆர். அளவைக்கு முந்தைய பழைய பதிவேட்டையும் சேர்த்துக் கேளுங்கள். அதில் 'டி.சி.' என்ற குறிப்பு எந்தெந்தப் புல எண்ணில் இருக்கிறது, புதியதில் அது எங்கே காணாமல் போனது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். வீடு வீடாகப் போகும்போது யாராவது சுரைக்காய் கொடுத்தால் மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். கொஞ்சம் விதையும் கேளுங்கள், முற்றவிட்ட காய் ஒன்றாவது கூரையில் இருக்கும்.