நிலாவுக்குக் காத்திருக்காத வலை

கடற்கரைக் கதை எழுதுகிறவர்கள் நிலாவுக்கு ஒரே வேலைதான் கொடுப்பார்கள்: அலைமேல் வெள்ளியை உருக்கி ஊற்றுவது. வளர்ச்சி பேசுகிறவர்கள் வேறு மாதிரி. "இன்னுமா அமாவாசை பார்த்து வலை போடறாங்க? மூடநம்பிக்கை சார்!" இரண்டு தரப்புக்கும் ஒன்று தெரியவில்லை. இறால் பிடிக்கிறவருக்கு நிலா என்பது வேலை நேர அட்டவணை.

கொல்லத்துக்குப் பக்கத்தில் அஷ்டமுடிக் காயல் கடலில் கலக்கும் நீண்டகரையை எடுத்துக்கொள்வோம். வெள்ளை இறால் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் காயலுக்குள் வந்து சில மாதம் வளர்ந்து, வற்றும் நீரோடு கடலுக்குத் திரும்பும். அந்த வழியில் கழிகளை ஊன்றி, பை மாதிரி வலை கட்டுவார்கள். மலையாளத்தில் ஊன்னிவல, நம்ம 'ஊன்று'தான். இந்த வலை நகராது. நீர் கொண்டுவந்து கொடுத்தால்தான் உண்டு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் ஏறுவதும் வற்றுவதும் பெரிதாக இருக்கும், நீரோட்டம் வேகமெடுக்கும், பை நிறையும். பாதி நிலா நாட்களில் நீர் சோம்பும், வலையும் சோம்பும். நிலா இறாலை இழுப்பதில்லை, தண்ணீரை இழுக்கிறது. அமாவாசைக்குக் கூடுதலாக இருட்டும் உதவும். பல இறால் வகைகள் பகலில் சேற்றில் புதைந்திருந்து இரவில்தான் கிளம்பும். இதில் எங்கேங்க மூடநம்பிக்கை?

ஊன்றி வலைக்காரர் புனிதர் என்று நான் சொல்லவில்லை. கண்ணி சிறிசா இருந்தால் பொடி இறாலும் மாட்டத்தான் செய்யும். ஆனால் அவருடைய ஆசைக்கு மாதம் இரண்டு முறை வானம் பூட்டுப் போடுகிறது.

1953-இல் இதே நீண்டகரைக்கு இந்திய-நார்வே திட்டம் வந்தது. மீனவர் வாழ்வை உயர்த்தத்தான் வந்தது. உறைய வைத்த இறாலுக்கு வெளிநாட்டில் விலை கிடைத்ததும், விசைப்படகும் இழுவை மடியும் பெருகின. இழுவை மடிக்கு நீரோட்டம் வேண்டாம், எஞ்சின் இழுக்கிற வேகம் போதும். அஷ்டமியா, பௌர்ணமியா, கவலையே கிடையாது. காயலில் தப்பிக் கடலுக்குப் போன இறாலை வெளியே அதுதான் வரவேற்கும். கடல் தரையைச் சுரண்டி, கூடவே குஞ்சு மீனையும் அள்ளும். இதற்குப் பெயர் திறன். யாருடைய திறன்? படகு வாங்கக் காசிருந்தவரின் திறன்.

1980-களில் நாட்டுப்படகு மீனவர்கள் மறியலும் உண்ணாவிரதமும் இருந்தார்கள். 1988-இல் கேரள அரசு மழைக்கால இழுவைத் தடையைக் கொண்டுவந்தது. யோசித்துப் பாருங்கள். நீருக்குக் காத்திருந்த வலையைப் பின்தங்கியது என்று ஒதுக்கிவிட்டு, காத்திருக்கத் தெரியாத வலையை வருடத்தில் சில வாரம் கட்டிப்போட ஒரு சட்டம், அதற்குக் காவல் படகு! மீதி மாதங்களில் அது பழையபடி ஓடுகிறது.

அடுத்த முறை கடற்கரைக் கதையில் நிலா வந்தால், அது எந்தத் திதி, தண்ணீரில் எந்த வலை கிடக்கிறது என்று கேளுங்கள். எழுதியவருக்குப் பதில் தெரியவில்லையா? அப்போ அது நிலா இல்லை, தெருவிளக்கு.