தொட்டி மீன் குளத்துக்குப் போகக் கூடாது!

“வீட்டில் பெரிய தொட்டி வைத்து, ஆப்பிரிக்க சிக்லிட் மீன்களை வளர்க்கலாமா?”
- சுசீந்திரம் பகுதி வாசகர்.

தாராளமாக வளர்க்கலாம். 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டி சுமார் 250 லிட்டர் கொள்ளும். தண்ணீரே கால் டன் எடை. உறுதியான மேடை தேவை.

மலாவி ஏரி மீன்களுக்குக் கடினத்தன்மையுள்ள நீரும், 7.8 முதல் 8.5 வரை கார அமிலத்தன்மையும் வேண்டும். கிணற்று நீரைப் பரிசோதியுங்கள்; குறைவாக இருந்தால், கழுவிய கிளிஞ்சல் துண்டுகளை வடிகட்டியில் போடலாம். இவை மணலைத் தோண்டும். கற்களை அடித்தளத்திலேயே உறுதியாக அடுக்குங்கள். வாரந்தோறும் கால் பங்கு நீரை மாற்றுங்கள்.

வேண்டாத மீனைக் குளத்தில் விடவே கூடாது. 1952-ல் இந்தியாவுக்கு வந்து, நாட்டு மீன்களோடு இரைக்குப் போட்டியிடும் ஜிலேபியும் ஆப்பிரிக்க சிக்லிட்தான். சுசீந்திரம்-தேரூர் குளங்கள் 2022 முதல் ராம்சர் ஈரநிலம். மீன் வேண்டாமென்றால், வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.