காதில் தொங்கிய குணுக்கு



கடந்த சில மாதங்களாக இந்தப் பக்கத்தில் மரணச் சான்றிதழ், காணி உறுதி, நுண்கடன் என்று பாரமான விடயங்களையே எழுதி வந்தேன். இம்மாதம் காட்ஸ் விளையாட்டைப் பற்றி எழுதப் போகிறேன். "இவவுக்கு வேறை வேலை இல்லையோ?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்.

தீவுப்பகுதியில் 304 தெரியாத வீடு குறைவு. ஒரு கூட்டத்தில் 32 தாள்களை மட்டும் எடுத்து, எதிரெதிரே இருக்கும் இருவர் ஒரு பக்கமாக, நாலு பேர் ஆடுவது. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஒரு சாதிக்கு 76 புள்ளி, நாலு சாதிக்கும் 304. அரண்மனைச் சேவகனான ஜாக் எல்லாரையும் அடக்கிவிட, ராசாவும் ராணியும் ஐந்து புள்ளியோடு ஒரு மூலையில் இருப்பார்கள். இதை யார் யோசித்தார்களோ தெரியாது, எனக்கு மிகவும் பிடித்த சட்டம் அது.

ஒல்லாந்தரின் பழைய 'கிளாபர்யாஸ்' ஆட்டத்திலும் துரும்பு ஜாக்கும் துரும்பு ஒன்பதும்தான் உச்சம். கேரளத்தில் ஆடும் 28 என்ற ஆட்டமும் இதற்கு உறவுதான். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் நெடுந்தீவுக்கு டெல்ப்ட் என்றும், வேலணைத் தீவுக்கு லெய்டன் என்றும் தங்கள் ஊர்ப் பெயர்களை வைத்தார்கள். லெய்டன் என்ற பெயரை இன்று பேச்சில் யாரும் சொல்வதில்லை. ஆனால் எங்கள் கிழவிகள் இன்னமும் 'இஸ்கோப்பன்', 'உறுவித்தன்' என்று ஒல்லாந்தரின் சொற்களைச் சொல்லியே தாளை அடிக்கிறார்கள்.

கிழவிகள் என்று தெரிந்துதான் எழுதினேன். வீட்டுக்குள்ளே பெண்கள் எப்போதும் ஆடியிருக்கிறார்கள். தகப்பனுக்கு நாலாவது கை குறைந்தால் மகளைக் கூப்பிடுவார். 1990 ஆகஸ்டில் தீவுப்பகுதிச் சனம் இடம்பெயர்ந்தபோது எனக்கு ஒரு வயதும் ஆகவில்லை. அடுத்த ஆண்டுகளில், மின்சாரம் இல்லாத இரவுகளில், ஜாம் போத்தல் விளக்கைச் சுற்றியிருந்து அம்மாவும் சித்திமாரும் 304 ஆடியதாகச் சொல்வார்கள். ஷெல் சத்தம் கேட்கும் நேரத்தில் பிள்ளைகளைப் பயமில்லாமல் வைத்திருக்க அதுவும் ஒரு வழி.

வாசிகசாலை, இறங்குதுறை, செத்தவீட்டு முற்றம் எல்லாம் ஆண்களின் இடம். செத்தவீட்டில் விடியும்வரை விழித்திருக்க வேண்டும் என்று அவர்கள் வெளியே தாள் பிரிப்பார்கள். உள்ளே அழுவதும், குசினியில் தேத்தண்ணி ஊற்றுவதும் எங்கள் பங்கு. நாங்களும்தானே விழித்திருக்கிறோம்!

காசு வைத்து ஆடுவது வேறு கதை. நாட்கூலியைத் தாளில் விட்டுவிட்டு வெறுங்கையோடு வந்த கணவன்மாரைப் பற்றி என்னிடம் சொல்லி அழுத சகோதரிகள் உண்டு. அவர்களுக்குக் கூட்டத்தைக் கண்டாலே ஆத்திரம் வரும். அந்த ஆத்திரம் நியாயமானது. ஆனால் 304 காசில்லாமல் புளியங்கொட்டையால் கணக்கு வைத்து ஆடக்கூடிய ஆட்டம். தோற்றவருக்குத் தண்டனை குணுக்கு. ஈர்க்கோ இலைக்காம்போ, கைக்குக் கிடைத்ததை வளைத்துக் காதில் தொங்கவிடுவார்கள்.

குணுக்கு என்றால் என்ன? முற்காலத்தில் பெண்பிள்ளைகளின் காதை வளர்ப்பதற்காக மாட்டிய ஈயப் பாரம். அதாவது, தோற்ற ஆணுக்குப் பெண்ணின் நகையைப் போட்டுச் சிரிப்பதுதான் தண்டனை. பெண்ணாகத் தெரிவதே அவமானம் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சமூகவியல் படித்த காலத்தில் இப்படியான வழக்கங்களுக்குப் பெரிய பெயர்கள் படித்தேன். ஊருக்குள் வந்து பார்த்தால் ஒரு ஈர்க்குத் துண்டிலேயே எல்லாம் இருக்கிறது.

2024 சித்திரைப் புத்தாண்டுக்கு வேலணைப் பக்கம் ஒரு வாசிகசாலையில் 304 சுற்றுப்போட்டி வைத்தார்கள். அறிவித்தலில் 'இருவர் கொண்ட அணி' என்றுதான் இருந்தது. ஆண்கள் என்று எழுதவில்லை. எழுத வேண்டிய தேவை இருப்பதாக அவர்களுக்குத் தோன்றியிருக்காது. முதற்பரிசு இரண்டு சாரம்.

எங்கள் குழுவில் நெடுந்தீவில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்ட ஒரு அக்கா இருக்கிறார். வயது அறுபதுக்குக் கிட்ட. 1996இல் கடலுக்குப் போன கணவர் திரும்பவில்லை. எங்கள் படிவத்தில் 'விதவை' என்ற பெட்டிக்கு நேரே அடையாளமிட அவர் சம்மதிக்க மாட்டார். பேனாவை என் கையிலிருந்து மெல்ல வாங்கி வைத்துவிடுவார். அறிவித்தலை நான் வாசித்துக் காட்டியபோது, "பிள்ளை, நீ என்னோட இருப்பியோ?" என்று கேட்டார். அவர் தாளைத் தொட்டு இருபத்தெட்டு வருடம். "அவர் இருக்கேக்க நான் எப்பவும் அவருக்கு எதிர்ப்பக்கம்தான் இருப்பன். ஒரே பக்கமிருந்தா சண்டை வந்திடும்" என்றார்.

ஒரு வாரம் மாலையில் பழகினோம். கனடாவிலிருந்து வந்திருந்த பக்கத்து வீட்டுப் பேரப்பிள்ளை ஒருவன் தன் போக்கிமொன் தாள்களைக் கொண்டுவந்து காட்டினான். 1996இல் ஜப்பானில் வெளிவந்த அந்த ஆட்டத்துக்கு இப்போது உலகப் போட்டிகள்கூட நடக்கின்றன. அதில் ஒவ்வொருவரும் தம் தாள்களைத் தாமே வாங்கியும் மாற்றியும் சேர்த்துக்கொண்டு போட்டிக்கு வரவேண்டும். அக்கா கவனமாகக் கேட்டுவிட்டு, "அப்ப காசுள்ளவன்தான் வெல்லுவான்" என்றார். "இல்லை அம்மம்மா, அவங்களும் தோக்கிறவங்கள்" என்று பையன் சொன்னது அவருக்குத் திருப்தி தரவில்லை. "எங்கட ஆட்டத்தில எல்லாருக்கும் ஒரே கூட்டத்திலயிருந்துதான் பிரிக்கிறது" என்று சொல்லிக்கொண்டு தாளைக் கலைத்தார்.

போட்டிக்கு முதல்நாள், கடைப் பக்கம் நின்ற ஒருவர் அக்காவின் மகனிடம், "உன்ர கொம்மா ஆம்பிளையளோட இருந்து காட்ஸ் அடிக்கப் போறாவாம்?" என்று கேட்டிருக்கிறார். மகன் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டான். எனக்கு உண்மையாகவே பயம் வந்தது. நான் மோட்டார் சைக்கிளில் வந்து போகிறவள். அந்த ஒழுங்கையில் நாளைக்கும் நடக்க வேண்டியவர் அவர். "வேண்டாமெண்டா விடுவம், அக்கா" என்றேன். அவர் மகனுக்குச் சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டு, "அவனுக்குப் பசிச்சா எழும்புவான்" என்றார். அவன் எழும்பினான். மறுநாள் வாசிகசாலை மட்டும் அவன்தான் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தான். ஆனால் உள்ளே வரவில்லை.

முதற்சுற்றில் எங்களுக்கு எதிரே ஓய்வுபெற்ற இரண்டு பேர். முதலில் நாலு நாலு தாளாகப் பிரித்துக் கேள்வி நடக்கும். அக்கா யாரையும் பார்க்காமல் 200 கேட்டு, துரும்பைக் கவிட்டு வைத்தார். கூட நிற்பவருக்கும் அது என்ன சாதி என்று தெரியாது. பேசவோ கண்காட்டவோ கூடாது. எதிர்ப்பக்கம் கலாவரை ஆசு இறங்கியது. என்னிடம் கலாவரை இல்லை. பழகிய நாட்களில் அக்காவுக்கு உறுவித்தனில் ஒரு பிடிப்பு இருந்ததைக் கண்டிருந்தேன். உறுவித்தன் ஏழைக் கவிட்டு வைத்தேன், புள்ளியே இல்லாத தாள். அக்கா அதை எடுத்துப் பார்த்தார். முகத்தில் ஒன்றுமில்லை. தன் துரும்பைத் திருப்பினார்: உறுவித்தன். ஆசு எங்கள் பக்கம் வந்தது. அந்தச் சுற்றை வென்றோம். அந்த இரண்டு ஐயாமாரும் சிரித்துக்கொண்டே குணுக்கைக் காதில் மாட்டினார்கள். ஒருவர் போகும்போது, "கொப்பர் நல்லாப் பழக்கியிருக்கிறார்" என்று அக்காவிடம் சொன்னார். "கொப்பர் இல்லை, புருசன்" என்றார் அக்கா.

இரண்டாம் சுற்றில் தோற்றோம். நான் 200 கேட்டு, 196 எடுத்தேன். வென்ற இரு இளைஞர்களும் அந்தரப்பட்டுப் போனார்கள். குணுக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள். நடத்துநர் ஓடி வந்து, "அக்காமாருக்குத் தேவையில்லை, விடுங்கோ" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

"ஏன், எங்களுக்குக் காது இல்லையோ?" என்று கேட்டார் அக்கா.

அந்த ஈர்க்கை வாங்கித் தன் காதிலேயே கொழுவினார். தோட்டை 1996இல் அரிசிக்கு விற்றவர் அவர். அதற்குப் பிறகு அந்தக் காதில் வேப்பங்குச்சியைத் தவிர வேறொன்றும் ஏறவில்லை. வாசிகசாலை முழுக்கச் சிரித்தது, அவரும் சிரித்தார். என் காதிலும் ஒன்று தொங்கியது. ஆண்களின் காதில் கேலியாகத் தெரிவது எங்கள் காதில் கேலியாகத் தெரியவில்லை என்பதை அங்கிருந்த சிலர் கவனித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். மகன் வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றான். அக்கா குணுக்கைக் கழற்றாமலேயே பின்னால் ஏறிப் போனார்.

அந்த வாரம் அலுவலகத்தில் மாத அறிக்கை எழுதினேன். ஆடு எத்தனை, கோழி எத்தனை, கடன் மீதி எவ்வளவு என்று பெண் தலைமைத்துவக் குடும்பங்களுக்கான எல்லாக் கட்டங்களும் அதில் இருக்கின்றன. ஒரு பெண் இரண்டு மணித்தியாலம் ஒன்றும் உழைக்காமல் இருந்து விளையாடினாள் என்று எழுத ஒரு கட்டமும் இல்லை. 'ஏனையவை' என்ற இடத்தில் எழுதினேன். மேலிடத்திலிருந்து யாரும் இதுவரை விளக்கம் கேட்கவில்லை.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் எங்கள் ஊர்ப் பாடசாலைகளின் பழைய மாணவர்கள் மண்டபம் எடுத்து 304 போட்டி வைக்கிறார்கள் என்று அக்காவிடம் சொன்னேன். "அங்க குணுக்கு இருக்கோ?" என்பதுதான் அவருடைய ஒரே கேள்வி.

இப்போது எங்கள் குழுக் கூட்டத்தில் சேமிப்புக் கணக்கு முடிந்த பிறகு ஒரு ஆட்டம் நடக்கிறது. வராமல் இருந்த இரண்டு பேர் அதற்காகவே வருகிறார்கள். கணவனின் சூதாட்டத்தால் நொந்த ஒரு சகோதரி மட்டும் ஆட்டம் தொடங்க எழும்பிப் போய்விடுவார். அவரை நாங்கள் மறிப்பதில்லை. கடைப் பக்கம் இன்னமும் கதைக்கிறார்கள்.

2025 சித்திரைக்கும் வாசிகசாலை அறிவித்தல் போட்டது. 'இருவர் கொண்ட அணி' என்பது அப்படியே இருந்தது. பரிசு வரியில் மட்டும் 'இரண்டு சாரம்' என்பதன் பக்கத்தில், பேனாவால் பிறகு சேர்த்த எழுத்தில், 'அல்லது இரண்டு சேலை' என்று இருந்தது.