54 சென்னில் கரையும் முறுக்கு லாபம்: இணையச் சந்தைக் கட்டணமும் நம் சிறு வியாபாரிகளும்

2025இல் தீபாவளி அக்டோபர் 20ஆம் தேதி வந்தது. எவ்வளவு மாவு அரைப்பது, எத்தனை சேலை தருவிப்பது, எதை என்ன விலைக்கு விற்பது என்று வீட்டிலிருந்தே வியாபாரம் செய்வோர் கணக்குப் பார்த்த நேரம் அது. அவ்வாண்டு அந்தக் கணக்கில் புதிதாக ஒரு கழிவு சேர்ந்தது.

2025 ஜூலை 16ஆம் தேதி முதல் ஷோப்பி மலேசியா, முடிவடையும் ஒவ்வோர் ஆர்டருக்கும் விற்பனையாளரிடம் 54 சென் 'தள ஆதரவுக் கட்டணம்' பிடிக்கிறது. கட்டணம் 50 சென். மீதி 4 சென், அதன்மேல் விதிக்கப்படும் 8 விழுக்காடு சேவை வரி. பொருளின் விலை 5 வெள்ளியாக இருந்தாலும் 500 வெள்ளியாக இருந்தாலும் இந்தத் தொகை ஒன்றுதான்.

கேட்பதற்குச் சிறு காசு. சாலையோரக் கடையில் ஒரு தே தாரிக் குடிக்கக்கூட இது போதாது. அறிவிப்பு வந்தபோது 'ஐம்பது காசுக்கா இவ்வளவு சத்தம்' என்று பலருக்குத் தோன்றியிருக்கலாம். ஆனால் அந்த ஐம்பது காசு யாருடைய பையிலிருந்து போகிறது என்று பார்த்தால்தான் விஷயம் புரியும்.

ஒரு முறுக்கு பாக்கெட்டை எடுத்துக்கொள்வோம். விலை 8 வெள்ளி. தளத்தின் கமிஷன் 10 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். பொருள் வகைக்கு ஏற்ப இது கூடலாம், குறையலாம். அந்தக் கமிஷனுக்கும் 8 விழுக்காடு சேவை வரி உண்டு. ஆக 10.8 விழுக்காடு, அதாவது 86 சென். அடுத்தது பரிவர்த்தனைக் கட்டணம். இது வரியோடு 3.78 விழுக்காடு, 30 சென். இவற்றுடன் புதிய 54 சென்னும் சேர்ந்தால் மொத்தம் ஏறக்குறைய 1 வெள்ளி 70 சென். எட்டு வெள்ளியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் தளத்துக்கே போய்விடுகிறது.

இன்னும் பொருள் செலவு இருக்கிறது. மாவு, எண்ணெய், கேஸ், பாக்கெட், முறுக்கு உடையாமல் சுற்றி அனுப்பும் குமிழ் உறை எல்லாம் சேர்ந்து 5 வெள்ளி என்று கொண்டால், விற்பவர் கையில் நிற்பது 1 வெள்ளி 30 சென். ஜூலைக்கு முன் இதே பாக்கெட்டில் 1 வெள்ளி 84 சென் நின்றது. லாபத்தில் 29 விழுக்காடு குறைந்துவிட்டது. அடுப்படியில் நின்றவருடைய கூலியை இந்தக் கணக்கில் இன்னும் சேர்க்கவே இல்லை.

இப்போது 180 வெள்ளிச் சேலை விற்பவரைப் பாருங்கள். அவருக்கும் 54 சென்தான். விற்பனை விலையில் அது 0.3 விழுக்காடு. முறுக்கு விற்பவருக்கோ 6.75 விழுக்காடு. ஒரே கட்டணம் ஒருவருக்குத் தூசு, இன்னொருவருக்குச் சுமை. விழுக்காட்டுக் கணக்கில் பிடிக்கும் கமிஷன் விற்பனைக்கு ஏற்பக் கூடும், குறையும். ஆர்டருக்கு இவ்வளவு என்று பிடிக்கும் கட்டணம் மலிவான பொருள் விற்பவரையே அதிகம் அழுத்தும். பொட்டு, வளையல், மசாலைத் தூள், ஊதுபத்தி, திரி, முறுக்கு, ஓமப்பொடி என்று நம்மவர்களில் பலர் விற்பது பத்து, இருபது வெள்ளிக்கு உட்பட்ட பொருள்களைத்தான்.

விலையை ஏற்றினால் என்ன என்று கேட்கலாம். ஏற்றலாம். ஆனால் 54 சென்னை மீட்க 54 சென் ஏற்றினால் போதாது. ஏற்றிய தொகையிலும் கமிஷனும் பரிவர்த்தனைக் கட்டணமும் பிடிக்கப்படும். மேலே சொன்ன கணக்குப்படி ஏறக்குறைய 63 சென் ஏற்ற வேண்டும். எட்டு வெள்ளி முறுக்கு 8 வெள்ளி 63 சென் ஆகும். அதே திரையில், அதே வரிசையில் பத்துக் கடைகள் முறுக்கு விற்கும்போது, வாங்குபவரின் விரல் மலிவான பாக்கெட் பக்கமே போகும்.

தோட்டத்தில் இருப்போருக்கு இணையச் சந்தை வெறும் வசதி மட்டுமன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளான் லிட்டில் இந்தியாவிலோ கடை எடுக்க முன்பணம், வாடகை, ஆள் கூலி எல்லாம் வேண்டும். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கி வேலையும் வருமானமும் நின்றபோது, கைப்பேசியும் அடுப்பும் மட்டுமே இருந்த வீடுகளுக்கு இந்தத் தளங்கள் கடையாயின. தோட்டத்து லயத்திலிருந்து கூச்சிங் வரைக்கும் பொருள் போய்ச் சேர்ந்தது. பணத்துக்குப் பாதுகாப்பும் இருந்தது. நியாயமாகப் பார்த்தால், நல்ல இடத்தில் இருக்கும் கடைக்கு வாடகை கொடுப்பதுபோல இதற்கும் ஒரு விலை உண்டு. பிரச்சினை அந்த விலை இருப்பதில் அன்று. கடை வாடகைக்கு ஒப்பந்தம் உண்டு, தவணைக் காலம் உண்டு. இங்கே நிபந்தனையை எழுதுவதும் மாற்றுவதும் ஒரே தரப்பு.

கட்டணங்கள் ஏன் கூடிக்கொண்டே போகின்றன? ஷோப்பியின் தாய் நிறுவனமான சீ லிமிட்டெட் சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்டது. நியூயார்க் பங்குச் சந்தையில் 2017இல் பட்டியலிடப்பட்டது. முதல் சில ஆண்டுகள் இலவச அனுப்புதலும் தள்ளுபடிக் கூப்பன்களும் தாராளமாக வந்தன. அப்பணம் முதலீட்டாளர்களுடையது. 2022இல் காற்று திரும்பியது. வட்டி ஏறியது, நட்டத்துக்குப் பணம் போட முதலீட்டாளர்கள் தயங்கினர். ஷோப்பி அவ்வாண்டு இந்தியாவையும் பிரான்சையும் விட்டு வெளியேறியது. 2023இல் சீ முதன்முறையாக முழு ஆண்டு லாபம் காட்டியது. லாபம் பார்க்கத் தொடங்கிய நிறுவனம் இனி பழைய தாராளத்துக்குத் திரும்பும் என்று எதிர்பார்ப்பது வீண்.

போட்டி இருந்தால் கட்டணம் தானாகக் குறையும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. இங்கே லஸாடா இருக்கிறது. அது 2016 முதல் அலிபாபாவின் பிடியில். 2022இல் டிக் டாக் ஷாப் வந்தது. இந்தோனேசியாவில் அதே டிக் டாக், தொக்கோபீடியாவின் 75 விழுக்காட்டுப் பங்கை வாங்கி இரண்டு கடைகளை ஒன்றாக்கிவிட்டது. பெரிய கைகள் சில மட்டுமே எஞ்சும் சந்தையில், ஒன்று கட்டணம் ஏற்றினால் மற்றவை அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதற்குக் காரணம் குறைவு. விற்பனையாளர் வேறு தளத்துக்கு மாறுவதும் சுலபமில்லை. ஐந்து ஆண்டு சேர்த்த நட்சத்திர மதிப்பெண்ணும் வாடிக்கையாளர் கருத்துகளும் கூடவே வராது. புதுத் தளத்தில் அவர் மறுபடியும் பூஜ்யம்.

அரசாங்கத்தின் பங்கும் இதில் உண்டு. 2024 மார்ச் 1 முதல் சேவை வரி 6இலிருந்து 8 விழுக்காடானது. தளக் கட்டணங்கள் ஒவ்வொன்றின் மேலும் அது ஏறி உட்கார்ந்துள்ளது. அதே ஆண்டு ஜனவரி 1 முதல், வெளிநாட்டிலிருந்து இணையம்வழி வரும் 500 வெள்ளிக்கு உட்பட்ட பொருள்களுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி வந்தது. உள்ளூர் வியாபாரிக்குச் சமமான களம் வேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் தொழிற்சாலையிலிருந்து நேராக வரும் மூன்று வெள்ளி வளையலுக்குப் பத்து விழுக்காடு என்றால் 30 சென். அந்த வேலி தாண்ட முடியாத வேலியன்று.

யாரிடம் முறையிடுவது?

இங்கேதான் சிறு வியாபாரிக்குப் பெரிய இடைவெளி. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், சொந்தப் பயன்பாட்டுக்குப் பொருளோ சேவையோ வாங்குபவரைக் காக்கிறது. ஷோப்பியில் சேலை வாங்கி ஏமாந்தவர் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 50,000 வெள்ளி வரை கோரலாம். அதே சேலையை விற்றவர், தளம் பிடித்த கட்டணத்தைப் பற்றி அங்கே போக முடியாது. வியாபாரத்துக்காகத் தளத்தின் சேவையை வாங்கியவர் அச்சட்டத்தின் கண்ணில் பயனீட்டாளர் அல்லர். அவரைத் தொழிலாளர் என்று சொல்லவும் முடியாது. இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார்.

மிஞ்சியிருப்பது 2010ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம். அதன் 10ஆம் பிரிவு, சந்தையில் ஆதிக்க நிலையில் இருக்கும் நிறுவனம் நியாயமற்ற விலையையோ வணிக நிபந்தனையையோ திணிப்பதைத் தடுக்கிறது. சந்தைப் பங்கு 60 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் ஆதிக்கத்துக்கு அறிகுறி என்று மலேசியப் போட்டி ஆணையத்தின் வழிகாட்டி சொல்கிறது. ஆணையம் இலக்கவியல் பொருளாதாரத்தைப் பற்றி மேற்கொண்ட ஆய்வில் இணையச் சந்தைகளும் அடங்கும். ஆய்வைத் தொடர்ந்து விதி எழுதி, நடைமுறைக்கு வர ஆண்டுகள் ஆகும். இந்தத் தீபாவளிக்கு அது உதவாது.

கட்டணத்துக்கு உச்சவரம்பு வைக்க வேண்டும் என்ற குரல் எழுவது இயல்பு. ஆனால் வரம்பு வைத்தால் தளங்கள் வேறு பெயரில் அதே பணத்தைப் பிடிக்கும் அபாயமும் உண்டு. இப்போதே கமிஷன், பரிவர்த்தனை, ஆதரவு என்று மூன்று பெயர்கள். அதைவிட முதலில் தேவைப்படுவது முன்னறிவிப்பு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 ஜூலை முதல் நடப்பில் உள்ள ஒரு விதி, வணிக நிபந்தனைகளை மாற்றும் தளங்கள் குறைந்தது 15 நாள்களுக்கு முன் விற்பனையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. ஜப்பானும் 2021இல் பெரிய தளங்களுக்கென வெளிப்படைத்தன்மைச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பதினைந்து நாள்கூட நம் சிறு வியாபாரிக்குக் குறைவு. தீபாவளிச் சரக்கை மூன்று மாதம் முன்பே வாங்குகிறவருக்கு, அந்த மூன்று மாதமாவது கட்டணம் மாறாது என்ற உறுதி இருந்தால்தான் விலை போட முடியும்.

கடன் வாங்கியோரின் நிலை

இந்தியச் சமூகத்தில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. 2024இல் இந்தியத் தொழில்முனைவோருக்கெனப் பல கடன் திட்டங்கள் வந்தன. இந்தியப் பெண்களுக்காக அமானா இக்தியார் மூலம் 50 மில்லியன் வெள்ளியில் 'பெண்' திட்டம், தெக்குன் மூலம் 30 மில்லியன் வெள்ளியில் கூடுதல் 'ஸ்புமி', பேங்க் ராக்யாட் மூலம் 50 மில்லியன் வெள்ளியில் 'பிரீஃப்-ஐ'. வரவேற்கத்தக்க திட்டங்கள்தான். இவற்றில் கடன் பெற்று இணையத்தில் விற்போர் வியாபாரம் தொடங்கியபோது இந்த 54 சென் இல்லை. அமானா இக்தியார் கடனில் வாரத் தவணை கட்டும் பழக்கம் உண்டு. தவணை மாறாது. விற்பனைத் தளத்தின் கட்டணம் மாறுகிறது. வாரம் 100 பாக்கெட் விற்றால் 54 வெள்ளி குறையும். மாதத்துக்கு 200 வெள்ளிக்கு மேல். ஒரு வீட்டின் மின்கட்டணமும் பிள்ளையின் டியூஷன் காசும் அதில் அடங்கிவிடும்.

கடன் கொடுக்கும் அமைப்புகள் பயிற்சி வகுப்புகளும் நடத்துகின்றன. பொருளை அழகாகப் படம் பிடிப்பது எப்படி, நேரலையில் பேசுவது எப்படி என்பதோடு, ஒரு பாக்கெட்டுக்கு உண்மையில் கையில் எவ்வளவு நிற்கிறது என்று கணக்குப் போடவும் அங்கே கற்றுத்தர வேண்டும். விற்பனைத் தொகையையே வருமானம் என்று எண்ணி, தீபாவளி முடிந்தபின் கையைப் பிசைவோர் நம்மிடையே உண்டு.

ஆர்டர் எண்ணிக்கைக்குத்தான் புதிய கட்டணம் என்பதால், ஒரே ஆர்டரில் அதிகம் விற்பது உடனடியாகக் கைகொடுக்கும். மூன்று பாக்கெட்டை 24 வெள்ளிக்கு ஒரே தொகுப்பாகப் போட்டால், மேற்சொன்ன கணக்கில் கையில் நிற்பது 4 வெள்ளி 96 சென். தனித்தனியாக மூன்று பேருக்கு விற்றால் 3 வெள்ளி 90 சென்தான். முறுக்கு, நெய் உருண்டை, ஓமப்பொடி மூன்றும் சேர்ந்த பெட்டி, திரியும் ஊதுபத்தியும் சேர்ந்த பூஜைப் பை என்று போடலாம். வாங்குபவருக்கும் அனுப்பும் செலவு ஒருமுறைதான்.

தளத்தில் கிடைத்த வாடிக்கையாளரை உரையாடல் பெட்டியில் தொலைபேசி எண் கொடுத்து வெளியே இழுப்பது விதிமீறல், கணக்கு முடங்கலாம். ஆனால் பக்கத்துத் தாமானிலும் கோயிலிலும் பிள்ளை படிக்கும் தமிழ்ப்பள்ளியிலும் தெரிந்தவர்களைத் தளத்துக்கு அனுப்ப வேண்டிய அவசியமில்லை. வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து, கியூஆர் குறியீட்டில் பணம் பெற்று, கையிலேயே கொடுத்துவிடலாம். தூரத்து ஊர்க்காரர்களுக்கு மட்டும் தளம். பல வீடுகளில் இது ஏற்கெனவே நடக்கிறது. நடக்காத வீடுகளில், பக்கத்து வீட்டுக்காரரிடம் "ஷோப்பியில் போட்டிருக்கேன், பாருங்க அக்கா" என்று இணைப்பை அனுப்பி, அந்த விற்பனைக்கும் கமிஷன் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

சேலை விற்போர் கவனிக்க வேண்டியது வேறு. 54 சென் அவர்களுக்குப் பெரிதில்லை. ஷோப்பியில் பல வகைப் பொருள்களை 15 நாளுக்குள் திருப்பி அனுப்பும் வசதி இருப்பதால், தீபாவளிக்கு முன் அனுப்பிய சேலை தீபாவளி முடிந்து மடிப்புக் கலைந்து திரும்பி வரலாம். விலை போடும்போது அந்த இழப்புக்கும் ஓர் இடம் ஒதுக்கியாக வேண்டும். பண்டிகைச் சரக்குக்குக் கடைசியாக அனுப்பும் தேதியை எப்போது வைப்பது என்பதையும் இப்போதே முடிவு செய்வது நல்லது.