‘உறுதியாகக் கூற இயலவில்லை’ என்பதும் ஒரு விடையே

தாம்பரத்தை அடுத்த ரயில் நிலையத்தின் பெயர் சானடோரியம். 1928ஆம் ஆண்டு டாக்டர் சௌரி முத்து நிறுவிய காசநோய் மருத்துவமனையால் அமைந்த பெயர் அது. காசநோய் என்றதும் நாம் நுரையீரலையே நினைக்கிறோம். ஆனால் அது குடலையும் தாக்கும். குறிப்பாகச் சிறுகுடல் பெருங்குடலோடு சேருமிடத்தை. குடல் அழற்சி நோய்களுள் ஒன்றான குரோன் நோயும் பெரும்பாலும் அவ்விடத்தையே பற்றுகிறது. வயிற்றுவலி, பேதி, காய்ச்சல், எடைக்குறைவு ஆகியவை இரண்டுக்கும் பொது. கொலனோஸ்கோபியில் தெரியும் புண்களும் ஒன்றுபோலத் தோன்றக்கூடும்.

சிகிச்சையோ முற்றிலும் வேறு. குரோன் நோய்க்குரிய ஸ்டீராய்டு முதலிய மருந்துகள் எதிர்ப்பாற்றலைத் தணிப்பவை. காசநோய் உள்ளவருக்கு அவற்றைத் தனியே கொடுத்தால் கிருமி பரவ வழியாகும். குரோன் நோயாளிக்குக் காசநோய் மாத்திரைகளை மட்டும் கொடுத்தால் மாதங்கள் வீணாகும். குடற்பாதை குறுகவும் கூடும்.

இதனால்தான் பல இடங்களிலிருந்து திசுத் துணுக்குகளை எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்கிறோம். அழற்சி அணுக்கள் திரண்ட முடிச்சுக்குக் கிரானுலோமா என்று பெயர். காசநோயில் அது பெரிதாகவும், பக்கத்து முடிச்சுகளோடு இணைந்தும், நடுவில் பாலாடைக்கட்டிபோல் சிதைந்தும் காணப்படலாம். குரோன் நோயில் பெரும்பாலும் சிறிதாக, தனித்து, சிதைவின்றி இருக்கும். எனினும் எடுத்த துணுக்கில் கிரானுலோமாவே இல்லாமற்போவதும் உண்டு. அதனால் மட்டும் எந்த நோயும் இல்லையென்று ஆகிவிடாது.

‘உறுதியாகக் கூற இயலவில்லை’ என்று அறிக்கை வந்தால் குடும்பத்தினர் மனம் சலிப்பது இயல்பே. ஆயினும் துணிந்து சொல்லப்படும் தவறான முடிவைவிட அந்த நேர்மையான விடையே நோயாளியைக் காக்கும் என்பது என் கருத்து. கிருமிச் சோதனை, ஸ்கேன், மருத்துவரின் நேர்ப்பரிசோதனை ஆகியவற்றோடு சேர்த்தே அறிக்கையைப் படிக்க வேண்டும். சிலருக்கு முதலில் காசநோய் மருந்து தொடங்கி, இரண்டு மூன்று மாதங்களில் மீண்டும் கொலனோஸ்கோபி செய்து, புண் ஆறியதா எனப் பார்ப்பதும் முறையான வழியே.

ஆகவே அறிக்கையின் பொருளை மருத்துவரிடம் தயங்காது கேளுங்கள். பழைய அறிக்கைகளைப் பத்திரப்படுத்துங்கள். தேவையெனில் ஸ்லைடுகளையும் மெழுகுக் கட்டிகளையும் பெற்று, வேறொரு நோய்க்குறியியல் மருத்துவரிடம் காட்டலாம். அது எவரையும் அவமதிப்பதாகாது. அதுவரை, பிறர் சொல்கேட்டு ஸ்டீராய்டு உட்கொள்ளாதீர்கள். தொடங்கிய மருந்தைத் தாமாக நிறுத்தவும் வேண்டாம்.