வாய்விட்டுச் சொல்லாத வியாதி

தலைவலி வந்தால் தெருவுக்கே தெரிகிறது. காய்ச்சல் வந்தால் உறவினர் பழத்தோடு வந்து பார்க்கிறார்கள். மலச்சிக்கல் மட்டும் ஒரே வீட்டில் இருப்பவருக்குக்கூடத் தெரிவதில்லை. டாக்டரிடம் போனாலும் "பசி இல்லை, வயிறு உப்புசம்" என்று சுற்றி வளைத்துத்தான் பேச்சு.

இது எத்தனை பேருக்கு உண்டு? பல நாடுகளில் எடுத்த கணக்குகளைச் சேர்த்துப் பார்த்தால், வயது வந்தவர்களில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பேர் என்று வருகிறது. காரைக்கால் மாவட்டத்தின் ஜனத்தொகை 2011 கணக்குப்படி 2 லட்சம். குழந்தைகளைத் தள்ளிவிட்டு, நூற்றுக்குப் பத்து என்று வைத்தாலே பத்தாயிரம் பேருக்கு மேல் ஆகிறது. கோட்டுச்சேரி, நிரவி, திருநள்ளாறு என்று எந்த ஊரிலும் தெருவுக்கு நாலு பேராவது இருப்பார்கள்.

இந்தக் கணக்கும் குறைவாக இருக்கலாம். வாரத்தில் மூன்று தடவைக்குக் குறைவாகப் போவது ஓர் அடையாளம் என்பது மேல்நாட்டார் வகுத்தது. நம் ஜனங்களில் பெரும்பாலோர் தினம் ஒரு தடவையாவது போகிறவர்கள். அவர்களுக்கு அந்த அளவு பொருந்தாது. தினம் போயும் முக்கி முக்கிப் போகிறவர், கட்டிகட்டியாகப் போகிறவர், போன பிறகும் மிச்சம் இருப்பதாக உணருகிறவர், இவர்களும் நோயாளிகளே. மாதக் கணக்கில் நீடித்தால் அது நாட்பட்ட மலச்சிக்கல்.

ஆண்களைவிடப் பெண்களுக்கு இது ஏறக்குறைய இரண்டு மடங்கு. உடல் அமைப்பும், கர்ப்பகாலமும், அப்போது சாப்பிடும் இரும்புச்சத்து மாத்திரையும் காரணங்கள்தாம். ஆனால் பழியெல்லாம் உடம்பின்மேல் போடுவது நியாயமல்ல. காலையில் காப்பியோ பலகாரமோ உள்ளே போனதும் குடல் அசையும், உந்துதல் வரும். அந்த நேரத்தில்தான் வீட்டுப் பெண் அடுப்படியில் நிற்கிறாள். குழந்தைக்கு டிபன், கணவனுக்குச் சாப்பாடு. "அப்புறம் போகலாம்" என்று அடக்குகிறாள். தங்கிய மலத்தில் உள்ள நீரைக் குடல் உறிஞ்சிவிடும்; அது இறுகிப்போகும். அடக்க அடக்க, உந்துதலும் மரத்துப்போகும்.

பயணம் என்றால் இன்னும் மோசம். பிரெஞ்சுக்காரர் 1954-ல் போய்விட்டாலும், காரைக்காலுக்குத் தலைநகரம் இன்றும் சுமார் 130 கிலோமீட்டர் தள்ளியுள்ள புதுச்சேரிதான். காரியமாகப் போகிற பெண்கள், வழியில் ஒதுங்க இடம் கிடைக்காதே என்று பயந்து தண்ணீரே குடிக்காமல் பஸ் ஏறுகிறார்கள். "கீரை தின்னுங்கள், தண்ணீர் குடியுங்கள்" என்று அவர்களுக்கு உபதேசம் செய்து என்ன பயன்? பஸ் நிலையத்தில் தண்ணீர் வருகிற, தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை ஒன்று பாதி வைத்தியத்துக்குச் சமம். நகராட்சிகள் இதைச் சுகாதாரச் செலவாகக் கருத வேண்டும்.

விளக்கெண்ணெயும் நிலாவரைப் பொடியும் அன்றைய வயிற்றைக் கழுவும், காரணத்தைக் கேட்காது. தைராய்டு குறைவு, சர்க்கரை நோய், சில ரத்த அழுத்த மாத்திரைகள் இவற்றாலும் மலம் கட்டும். கடைப்பொடியிலேயே காலம் தள்ளுகிறவருக்கு அது தெரியாமலே போகும். மலத்தோடு ரத்தம் போனாலோ, உடம்பு இளைத்தாலோ, ஐம்பதுக்கு மேல் புதிதாக மலம் கட்ட ஆரம்பித்தாலோ, பெருங்குடலில் புற்று உண்டா என்று பார்த்தாக வேண்டும். அப்போதும் "வயிறு உப்புசம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தால் டாக்டர் ஜீரண மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்புவார்.